வியர்க்காத குதிரை

என் மனைவி ஊருக்குக் கிளம்பிய அன்று, ஏர்போர்ட் போகும் வழி முழுக்கக் குதிரைகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். கோயம்புத்தூரில் அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐசியூவில் கிடந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எதற்கு எவ்வளவு புல், எதை எதோடு சேர்த்து விடக்கூடாது, எது கேட்டின் கொக்கியை உதட்டாலேயே திறந்துவிடும் என்று, ஃப்ரீவேயில் நான் லேன் மாறும்போதுகூட நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். பெட்டியை இறக்கி வைத்தபோதுதான் குரல் கொஞ்சம் இறங்கியது.

"மூணு வாரம்தாங்க. பாத்துக்குவீங்கல்ல?"

"நீ மாமாவப் பாரு. இங்க நான் பாத்துக்கறேன்," என்றேன்.

எனக்குக் குதிரை என்றால் பயம். அது அவளுக்கும் தெரியும். இருவருமே அந்த நேரத்தில் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

எங்கள் வீடு பேர்லேண்ட் என்கிற ஊருக்குத் தெற்கே, கடைகளும் புதுக் காலனிகளும் முடிந்து கம்பி வேலிகள் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. மகள் சின்னவளாக இருந்தபோது அருகிலிருந்த ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பரதம், ஸ்பெல்லிங் போட்டி என்று போய்க்கொண்டிருக்க, இவள் மட்டக்குதிரை மேல் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். மற்ற அம்மாக்கள் காரில் ஏசி போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். என் மனைவி வேலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பாள். கொஞ்ச நாளில் அவளும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகளுக்குக் கொஞ்சம் வளர்ந்ததும் குதிரை அலுத்துப்போய் ஸ்கூல் பேண்டில் சேர்ந்தாள். மனைவிக்கு அலுக்கவில்லை. அந்தப் பள்ளியை மூடியபோது, யாரும் கேட்காத வயதான மட்டக்குதிரைகள் நான்கு எங்களிடம் வந்து சேர்ந்தன. அவளுக்காகத்தான் இந்த நிலத்தை வாங்கிக் குடிவந்தோம்.

ஐஸ்லாந்துக் குதிரைகள் மூன்றும் அதற்குப் பிறகு வந்தவை. வளர்த்த தம்பதி பிரிந்துபோய் இடத்தை விற்றார்கள். இந்த வெயில் ஊரில் அந்தக் குளிர்நாட்டுக் குதிரைகளை வாங்க ஆள் இல்லை. ஐஸ்லாந்தில் பிறந்த குதிரை ஒருமுறை அந்தத் தீவை விட்டு வெளியே வந்துவிட்டால் மறுபடி உள்ளே விடமாட்டார்களாம். நோய் வந்துவிடும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள்.

"நம்ம விசா மாதிரியா?" என்றேன்.

"விசாவையாச்சும் ரின்யூ பண்ணலாம்," என்றாள். அதற்கு மேல் நான் மறுத்துப் பேச என்ன இருக்கிறது?

உயரத்தில் அவை மட்டக்குதிரைகளைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் நெஞ்சும் கழுத்தும் பெரிய குதிரைக்குரியவை. பிடரி மயிர் கண்ணை மூடிக் கொட்டும். நடையும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் அவற்றுக்கென்று ஒரு போக்கு உண்டு. அதில் போகும்போது முதுகு அசையவே அசையாது. சாம்பல் நிறப் பெண்குதிரை, பெயரும் சாம்பல்தான், அதில் கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி ஒரு கையில் காபி டம்ளரோடு அதன்மேல் ஏறி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். சிந்தவில்லை என்று எனக்கு டம்ளரைக் காட்டிவிட்டுத்தான் குடிப்பாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அதற்காகவே அந்தக் குதிரைமேல் எனக்கு ஒரு மரியாதை இருந்தது.

அவள் போன மறுநாள் காலையிலிருந்து ஏழு குதிரைகளுக்கும் நான்தான் என்றாயிற்று. எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸ் வேலை எனக்கு. பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். விடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு போவேன். காய்ந்த புல் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தள்ளித் தள்ளிப் போடவேண்டும். ஒரே இடத்தில் போட்டால் மட்டக்குதிரைகளில் ஒன்று எல்லோரையும் உதைத்துவிட்டுத் தானே தின்னும். பச்சைப் புல் அதிகம் தின்றால் அவற்றுக்குக் குளம்பு வீங்கி நடக்கமுடியாமல் போய்விடும் என்பதால், மேயவிடும் முன் வாய்க்கூடை மாட்டவேண்டும். மாட்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். நான்கில் குட்டையானது, என் இடுப்பு உயரம்கூட இருக்காது, வாய்க்கூடையைப் பார்த்ததும் திரும்பி நின்றுகொண்டு பின்பக்கத்தைக் காட்டும். பிறகு லத்தி அள்ளவேண்டும், தொட்டியில் பாசி தேய்க்கவேண்டும், ஈ மருந்து அடிக்கவேண்டும், குளம்புகளைத் தூக்கிச் சுரண்டவேண்டும். குளம்பைத் தூக்கச் சொல்லி நான் குனிந்து கெஞ்சுவேன். அவை யோசிக்கும். சில நாள் என் காலின்மேலேயே அதை வைக்கும்.

எல்லாம் முடிந்து மீட்டிங்கில் உட்கார்ந்தால் என் கேமராவை ஆன் பண்ணமாட்டேன்.

அங்கே சாயங்காலம் ஆகும்போது மனைவி வீடியோவில் வருவாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றபடி பேசுவாள். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "அப்படியேதான்," என்பாள். "போனத் திருப்புங்க, கருப்பனப் பாக்கணும்," என்பாள். கருப்பன் என்பது ஐஸ்லாந்துக் குதிரைகள் மூன்றில் ஆண்குதிரை. நான் போனை வேலிக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மூன்று வாரம் ஐந்தாயிற்று. மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்து மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். திரும்பி வருவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் நடுவில் வெயில் முற்றியது. இங்கத்து வெயிலில் காற்றே ஈரத்துணி மாதிரி மேலே ஒட்டும். குதிரைகள் மரத்தடியில் நனைந்துபோய் நிற்கும். கழுத்திலும் நெஞ்சிலும் நுரை நுரையாக வியர்வை. சாம்பல் மட்டும் காய்ந்து, சுத்தமாக நின்றது. அது ஒன்றாவது வெயிலைச் சமாளிக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மூன்று நாள் அப்படியே போயிற்று. பிறகு அது சும்மா நிற்கும்போதே ஓடிவந்த மாதிரி மூச்சு விடுவதைப் பார்த்தேன். மூக்குத் துவாரங்கள் அகன்று உள்ளே சிவப்பு தெரிந்தது.

அன்று வீடியோவில் காட்டினேன்.

"கழுத்தத் தொடுங்க," என்றாள்.

"சூடா இருக்கு."

"ஈரமா இருக்கா?"

"இல்ல, காஞ்சுதான் இருக்கு."

"பிடரிக்கு அடியில? பின்னங்காலுக்கு நடுவுல?"

பயந்துகொண்டே கையை விட்டுப் பார்த்தேன். எங்கும் ஈரம் இல்லை. இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. சொன்னேன். பின்னால், வீட்டோடு வைத்திருந்த நர்ஸ் அவளைக் கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"ஏங்க, உடனே டாக்டரக் கூப்பிடுங்க. ஹோஸ எடுத்துத் தண்ணி அடிச்சிட்டே இருங்க. நான் அப்புறம் வர்றேன்," என்று வைத்துவிட்டாள்.

மருத்துவர் ஒரு பெண்மணி. இந்தப் பக்கத்துக் குதிரைகளுக்கெல்லாம் அவர்தான். வந்து, கழுத்துத் தோலில் வரிசையாகச் சின்னச் சின்ன ஊசிகள் போட்டுவிட்டு அந்த இடம் வியர்க்கிறதா என்று காத்திருந்தார். வியர்க்கவில்லை. வியர்வைச் சுரப்பிகள் வேலைநிறுத்தம் செய்துவிட்டன என்றார். கடற்கரையோர ஊர்களில் குதிரைகளுக்கு வரக்கூடியதுதானாம், குளிர்நாட்டிலிருந்து வந்தவற்றுக்கு இன்னும் சுலபமாக. ஏன் என்று கேட்டேன். யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார். மருந்து? ஒரு பொடி இருக்கிறது, சிலவற்றுக்குக் கேட்கும், சிலவற்றுக்குக் கேட்காது. நிழல், ஃபேன், தண்ணீர். ரோமத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். வேறு? அவர் வண்டியில் ஏறப் போனவர் திரும்பி, சிலர் கருப்பு பீர் கொடுக்கிறார்கள், அதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை, கெடுதலும் இல்லை என்றார். உண்மையான வைத்தியம் வடக்கே குளிர்ந்த இடத்துக்கு அனுப்புவதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கைக்கு எட்டியது பீர்தான் என்று தோன்றியது. வாழ்க்கையில் நான் பீர் வாங்கியதில்லை. கடையில் போய் எது கருப்பு என்று ஒவ்வொன்றாக லேபிளைப் படித்து, வண்டி நிறைய எடுத்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பினார். கோயிலில் பிரசாத வரிசையில் எப்போதும் பார்க்கிறவர். என் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன சார், வீட்ல ஊருக்குப் போயிருக்காங்களாமே?"

"ஆமா சார். மாமனாருக்கு உடம்பு சரியில்ல."

"ம்," என்றார். இன்னொரு முறை வண்டியைப் பார்த்தார்.

குதிரைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும் என்று பட்டது. பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் கலிஃபோர்னியாவிலிருந்து மகள் போன் பண்ணினாள். பிளசன்டனில் வேலை அவளுக்கு.

"அப்பா, ஆர் யூ ஓகே? ஒரு ஆண்ட்டி அம்மாவுக்கு மெசேஜ் பண்ணியிருக்காங்க. யூ ஆர் ட்ரிங்கிங்னு."

சாம்பல் பீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தது. வியர்க்கவில்லை.

அதன்பிறகு என் நாள் முழுக்க அந்த ஒரு குதிரையைச் சுற்றியே போயிற்று. ரோமத்தை வெட்டினேன். என் கைவேலையில் அது அங்கங்கே எலி கடித்த கம்பளி மாதிரி ஆயிற்று. லாயத்தில் இரண்டு பெரிய ஃபேன் மாட்டினேன். மீட்டிங்குக்கு இடையில் ஓடிப்போய் ஹோஸைத் திறந்து கால்களிலிருந்து மேலாகத் தண்ணீர் அடிப்பேன். ஐந்து நிமிடத்துக்கு மூச்சு நிதானமாகும். நான் படியேறி வீட்டுக்குள் வருவதற்குள் மறுபடி விலா எலும்பு ஏறி இறங்க ஆரம்பித்துவிடும். தெர்மாமீட்டரை அதன் பின்பக்கத்தில்தான் வைக்கவேண்டும். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். ஒரு மாதத்தில் அது எனக்குக் காபி கலப்பது மாதிரி ஆகிவிட்டது. காலையில் பரவாயில்லாமல் இருக்கும். மதியத்துக்கு மேல் நூற்று நான்கு. எவ்வளவு ஓடினாலும் நான் அதற்குச் செய்தது, வெயில் சாய்கிற வரைக்கும் இழுத்துப் பிடித்தது மட்டும்தான். மறுநாளும் வெயில் வரும்.

அங்கே அவளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் கேமராவை வைத்துவிட்டு மறந்து, அப்பாவின் உதட்டில் ஈரப் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியவில்லை. மாமா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். நான் சத்தமில்லாமல் கட் பண்ணினேன்.

பிறகு புயல் வந்தது. எங்கள் பக்கம் திரும்பும் என்று டிவியில் சொன்னதும், வீட்டில் தண்ணீர் பிடிக்கக்கூடிய எல்லாவற்றிலும் பிடித்து வைத்தேன். குளியல் தொட்டி, குப்பைத் தொட்டிகள், பொங்கலுக்கு மட்டும் வெளியே வரும் அண்டா, எல்லாவற்றிலும். எங்களுக்கு ஊர்க் குழாய் கிடையாது, போர் மோட்டார்தான். கரண்ட் போனால் தண்ணீரும் போய்விடும். குதிரைகளைப் புயலுக்கு லாயத்தில் அடைப்பதா வெளியே விடுவதா என்று அவளைக் கேட்டேன். வெளியே விடுங்க, கூரை விழுந்தா அதுக்கு ஓட இடம் வேணும் என்றாள். புயலுக்கு முன் அவளோடு கடைசியாகப் பேசியது அதுதான். அதன்பிறகு லைன் போய்விட்டது.

விடிந்தபோது வேலியின்மேல் ஒரு மரம் விழுந்து கிடந்தது. குதிரைகள் ஏழும் ஒரு மூலையில் பின்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தச் சந்தோஷம் பத்து மணி வரைக்கும்தான். மேகம் எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி போய், புயலுக்கு முன்னால் இருந்ததைவிடக் கொடிய வெயில் வந்தது. கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை, மோட்டார் இல்லை. போனில் ஒரு கோடுகூட இல்லை.

பிடித்து வைத்த தண்ணீரில் முதல் நாள் ஓடிற்று. இரண்டாம் நாள் ஏழு குதிரைகளும் வாளியைச் சுற்றி வந்து என்னைப் பார்த்தன. குடிக்க வைப்பதா, சாம்பலின்மேல் ஊற்றுவதா? இப்படி ஒரு கணக்கை என்னால் போடமுடியவில்லை. கையில் ஒரு மக்கோடு நடுவில் நின்றேன்.

அப்போது ஒரு பிக்கப் வண்டி உள்ளே வந்தது. பீர்க் கடையில் பார்த்தவர். பின்னால் ஒரு சின்ன ஜெனரேட்டர்.

"போன் போகல. வொய்ஃப்தான் சொன்னா, சார் தனியா இருப்பாரு, போய்ப் பாத்துட்டு வாங்கன்னு," என்றபடி இறங்கினார். "தயிர்சாதம் குடுத்திருக்கா. முதல்ல சாப்பிடுங்க."

ஜெனரேட்டரைப் போட்டுப் பார்த்தோம். ஒரு ஃபேன் ஓடியது. மோட்டாருக்கு அதன் சக்தி போதவில்லை. இழுத்து, உறுமி, நின்றுவிட்டது. அவர் கொஞ்ச நேரம் அதை உதைக்கிற மாதிரி பார்த்தார். பிறகு, "எங்க காலனில சிட்டி வாட்டர் வருது சார். டிரம் இருக்கா?" என்றார். அன்று முழுக்க, விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் அவர் டிரம்மில் தண்ணீர் சுமந்தார். நடுவில் நான் ஒரு பீர் பாட்டிலைத் திறந்து சாம்பலின் வாளியில் ஊற்றினேன். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடக் கடவுளே. குதிரைக்கா சார் வாங்குனீங்க?"

"ஆமா சார்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "மாட்டேன்," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வாரத்தில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மதியம் சாம்பல் படுத்துவிட்டது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முன்னங்கால்கள் மடிந்தன, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. தெர்மாமீட்டர் நூற்று ஆறைத் தாண்டியது. மருத்துவருக்குச் சொல்லியனுப்ப, அன்றும் தண்ணீரோடு வந்திருந்த அந்த நண்பர் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி வண்டியில் போனார். நான் அதன் தலைப்பக்கம் மண்ணில் உட்கார்ந்து மக்கு மக்காக ஊற்றினேன். மேலே விழுந்த தண்ணீர் அப்படியே வெந்நீராகக் கீழே வடிந்தது. அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. எனக்கு மந்திரம் ஒன்றும் வரவில்லை. அதனிடம் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. "எந்திரிம்மா, அவ வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன், எந்திரிம்மா," என்று இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். கருப்பன் கதவுக்கு வெளியே நின்று காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஊற்றுவதை நிறுத்தினால் செத்துவிடும் என்று ஊற்றினேன். ஊற்றினாலும் செத்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

அது எழுந்ததற்கு நான் காரணம் இல்லை. நான்கு மணி வாக்கில் கடல் பக்கத்திலிருந்து ஒரு கருமேகம் வந்து அரைமணி நேரம் அடித்துப் பெய்தது. காற்று சில்லென்று ஆயிற்று. சாம்பல் தலையைத் தூக்கி, பெருமூச்சு விட்டு, தடுமாறி எழுந்து நின்றது. மழை வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றுவரை யோசித்து முடிக்கவில்லை.

மறுநாள் மருத்துவர் சகதியில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே வந்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இந்த முறை பிழைத்துவிட்டது, ஆனால் கோடை இன்னும் பாதிகூட முடியவில்லை என்றார். கொலராடோவில் மலைமேல் ஐஸ்லாந்துக் குதிரைகளை வைத்திருக்கும் ஒரு அம்மாள் அவருக்குத் தெரிந்தவர், எடுத்துக்கொள்வார். அந்தப் பக்கம் போகிற டிரெய்லர் ஒன்று சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்புகிறது, அதில் ஓர் இடம் பேசிப் பார்க்கலாம். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். என் குதிரை இல்லை, என் மனைவியின் குதிரை என்றேன். அவரைக் கேளுங்கள் என்றார்.

அன்று பிற்பகல் நண்பரின் பிக்கப்பில் ஏறி, மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கிறது என்று சொன்ன இடத்துக்குப் போனேன். போன் உயிர் பெற்றதும் மெசேஜ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. 'பத்திரமா இருக்கீங்களா.' 'போன எடுங்க.' 'குதிரைங்க எப்படி இருக்கு.' 'அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு, போன எடுங்க.' பிறகு, 'அப்பா போயிட்டாருங்க.' அதற்குக் கீழே ஒரு நாள் இடைவெளி விட்டு, 'எல்லாம் முடிஞ்சுது.' அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை.

"நீங்க நல்லாருக்கீங்கல்ல?"

"நான் இருக்கேன்ம்மா. மாமா..."

"அது முடிஞ்சிருச்சுங்க. சாம்பல்?"

இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது என்று நண்பரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன், படுத்தது, மழை, டிரெய்லர். லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை ஹலோ என்றேன்.

"அனுப்பிடுங்க," என்றாள்.

"நீ வர்ற வரைக்கும் வேணா..."

"எனக்குப் பதினாறாம் நாள் காரியம் இருக்குங்க. அதுக்குள்ள இன்னொண்ணையும் நான் கேக்க முடியாது. அனுப்பிடுங்க."

சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போது டிரெய்லர் வந்தது. சாம்பல் அதில் ஏற மறுக்கும், முரண்டு பிடிக்கும், அதைக் காரணம் சொல்லி நிறுத்திவிடலாம் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அது ஒரு தயக்கமும் இல்லாமல் என் பின்னாலேயே நடந்து வந்து ஏறிவிட்டது. நான் இழுத்த கயிற்றுக்கு அது மறுப்பு சொல்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை. கதவைச் சாத்தியதும் கருப்பன் வேலியோரமாக டிரெய்லர் கூடவே ஓடியது. வேலி முடிகிற மூலையில் நின்று கத்திற்று. அதற்கப்புறம் நான்கைந்து நாள் அந்த மூலையிலேயே நின்றது. புல்லை அங்கேயே கொண்டுபோய்ப் போட்டேன். அதைத் தேற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

காரியம் முடிந்து மனைவி வந்தாள். மெலிந்திருந்தாள். வீட்டுக்குள் போகாமல் நேராக வேலிக்குப் போய், ஒவ்வொன்றாக உடம்பைத் தடவிப் பார்த்தாள். குட்டைக் குதிரை அவள் பையில் மூக்கை விட்டுத் துழாவியது. கொலராடோ அம்மாள் அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். சாம்பல் ஒரு சரிவில் மேய்ந்துகொண்டிருந்தது, வெட்டிய ரோமம் பாதி வளர்ந்து. கழுத்தடியில் கொஞ்சம் ஈரம் தெரிகிறது என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். மனைவி பார்த்துவிட்டு, "நல்லாருக்கு," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். மற்ற இரண்டு ஐஸ்லாந்துக் குதிரைகளையும் அடுத்த கோடைக்குள் அனுப்பிவிட வேண்டுமா என்பதைப் பற்றி இன்னும் பேசவில்லை. அவை இப்போதைக்கு வியர்க்கின்றன. தினமும் தொட்டுப் பார்க்கிறேன்.

அக்டோபரில் ஒரு நாள் காலையில் வடக்கிலிருந்து முதல் குளிர்காற்று வந்தது. குதிரைகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கிழட்டு மட்டக்குதிரைகள்கூட வாலைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடின. நான் லத்தி அள்ளிக்கொண்டிருந்தேன். மனைவி கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை.

போய்ப் பக்கத்தில் நின்றேன். மாமாவைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அவர் உதட்டில் அவள் ஈரப் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்தது ஞாபகம் வந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். தோளில் கை வைக்கலாம் என்று நீட்டினால், கையில் லத்தி அப்பிய கையுறை. அப்படியே நின்றேன்.

அவள் தலையைத் தூக்காமலேயே, "கிளவுஸக் கழட்டுங்க," என்றாள்.